ஃபாக் லைட்டுக்குள் தண்ணீர்: சிலிக்கான் டியூபைக் கையில் எடுப்பதற்கு முன்

நீங்கள் கேட்டிருப்பது இது. பட்டர்வொர்த்திலிருந்து தினமும் பினாங்குப் பாலம் ஏறி பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போகிறீர்கள். மழை பெய்யும் நாளில் முன் பம்பரில் இருக்கும் இரண்டு ஃபாக் லைட்டிலும் (மூடுபனி விளக்கு) உள்பக்கம் பனி படர்கிறது. வலது பக்க விளக்கில் மட்டும் அடியில் தண்ணீர் தேங்கி, பிரேக் பிடிக்கும்போது ஆடுவதே தெரிகிறது. ஹாலஜன் பல்பைக் கழற்றி எல்இடி போட்ட பிறகுதான் இது ஆரம்பித்ததாக நினைக்கிறீர்கள். ஒரு ஃபோர்மன் (மெக்கானிக்), கண்ணாடியைச் சுற்றி சிலிக்கான் பசை பூசிவிடலாம் என்கிறார். இன்னொருவர், அடியில் ஒரு துளை போட்டால் தண்ணீர் தானாக வடிந்துவிடும் என்கிறார். இரண்டில் எது சரி என்று கேட்கிறீர்கள். அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய ஒன்று உண்டு: இரண்டு விளக்கிலும் இருப்பது ஒரே கோளாறுதானா?

கோலாலம்பூரில் ஜாலான் ஈப்போ பக்கம் கார் வயரிங், விளக்கு வேலைதான் என் தொழில். மழைக்காலம் வந்துவிட்டால் இந்தக் கேள்வி இல்லாத வாரமே கிடையாது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், இடது பக்கம் இருப்பதைக் கோளாறு என்றே சொல்ல மாட்டேன். வலது பக்கம் இருப்பது கசிவு, அதில் சந்தேகம் இல்லை. அந்தக் கசிவுக்கு உங்கள் ஃபோர்மன்கள் சொன்ன இரண்டு வைத்தியமும் வேண்டாம் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பனி. கார் விளக்கு எதுவுமே காற்றுப் புகாமல் அடைத்த டப்பா கிடையாது. விளக்கு எரிந்தால் உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரியும், அணைத்தால் சுருங்கும். 30 டிகிரியில் இருந்த காற்று 80 டிகிரிக்குப் போனால் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு கூடுதல் இடம் கேட்கும். அது வெளியே போகவும், ஆறும்போது திரும்பி வரவும் ஒரு வழி வேண்டும். அதற்காகத்தான் விளக்கின் பின்பக்கம் வளைந்த சின்ன ரப்பர் குழாயோ, தண்ணீரை நிறுத்திக் காற்றை மட்டும் விடும் மெல்லிய படலம் ஒட்டிய துளையோ வைத்திருப்பார்கள். பட்டறையில் இதை பிரீதர் என்போம். அந்த வழியாக வரும் காற்று நம் ஊர்க் காற்று, ஈரம் நிறைந்தது. 32 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 70 சதவீதம் இருந்தால், சுமார் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அந்தக் காற்று நீராகப் படியும். சாயங்காலம் மழை கொட்டி வெளியே 24 டிகிரிக்கு இறங்கும்போது முதலில் குளிர்வது விளக்கின் முன்கண்ணாடி. அதனால்தான் பனி எப்போதும் கண்ணாடியின் உள்பக்கம், அதிலும் மழை நேராக அடிக்கும் பகுதியில் படர்கிறது. இது இயற்கை. புதுக் காரிலும் வரும். லேசான பனி வந்துபோவது சகஜம் என்று பல கார்களின் கையேட்டிலேயே எழுதியிருக்கும்.

அப்படியானால் தேங்கிய தண்ணீரும் காற்றில் வந்த ஈரம்தானே என்று சிலர் கேட்பார்கள். கணக்குப் போட்டால் ஒத்துவராது. ஒரு ஃபாக் லைட்டுக்குள் அரை லிட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 26 டிகிரியில் அந்தக் காற்று தாங்கக்கூடிய மொத்த நீராவியும் சுமார் 12 மில்லிகிராம். ஒரு சொட்டுத் தண்ணீர் சுமார் 50 மில்லிகிராம். அதாவது உள்ளே இருக்கும் காற்றை முழுக்கப் பிழிந்தாலும் கால் சொட்டுதான் வரும். விளக்கின் பின்பக்கக் கூடும் முன்கண்ணாடியும் பிளாஸ்டிக் என்றால் அதுவும் கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சி வைத்திருந்து சூட்டில் வெளிவிடும். அதையும் சேர்த்தாலும் பிரேக் பிடிக்கும்போது ஆடுகிற அளவுக்குச் சேராது. ஆகவே சொட்டுச் சொட்டாக வழிந்தாலோ, அடியில் குட்டை கட்டினாலோ, தண்ணீர் தண்ணீராகவே உள்ளே நுழைந்திருக்கிறது. இந்த ஒன்றை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பனிக்கும் கசிவுக்கும் நடுவில் நிற்கும் விளக்குகளும் உண்டு. அவற்றுக்கு ஒரு எளிய சோதனை: மழை விட்ட பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டுங்கள். பனி ஓரங்களில் ஆரம்பித்து நடுவை நோக்கியோ, நடுவிலிருந்து ஓரத்துக்கோ கரைந்து போனால் விட்டுவிடலாம். இரண்டு மூன்று வெயில் நாளுக்குப் பிறகும் அதே இடத்தில் நின்றால் கசிவைத் தேட வேண்டும். கண்ணாடியின் உள்பக்கம் கிடைமட்டமாக மங்கலான கோடு தெரிகிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் அந்த மட்டம் வரை நின்று காய்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி, இப்போது விளக்கு காய்ந்திருந்தாலும் சரி.

இனி எல்இடி. உங்கள் சந்தேகத்தில் பாதி நிச்சயமாகச் சரி. பழைய ஹாலஜன் பல்பு எச்11 வகையாக இருந்தால் அது 55 வாட். அந்த மின்சாரத்தில் பெரும்பகுதி வெளிச்சமாக மாறாமல் சூடாகத்தான் வெளியேறும், அதில் நிறைய முன்கண்ணாடியிலும் விழும். அந்தச் சூடு பனியைத் தினமும் காயவைத்துக் கொண்டிருந்தது. எல்இடி அதைவிட மிகக் குறைந்த மின்சாரத்தில் எரிகிறது. அதன் சூடும் பின்பக்கமுள்ள தகட்டுக்கும் விசிறிக்கும் போய்விடுகிறது. கண்ணாடி குளிர்ந்தே இருக்கும், அதே அளவு பனி கரைய இப்போது அதிக நேரம் ஆகும். இடது விளக்கில் நீங்கள் பார்ப்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மறுபாதி, அதாவது வலது பக்கத் தண்ணீரும் எல்இடியால்தான் வந்ததா என்பது, கழற்றிப் பார்க்காமல் சொல்லக்கூடியது இல்லை. ஆனால் நான் முதலில் சந்தேகப்படும் இடம் அதுதான். எச்11 பல்பின் கழுத்தில் ஒரு ரப்பர் ஓ-ரிங் இருக்கும். பல்பைச் செருகிக் கால் சுற்று திருகும்போது அந்த வளையம் கூட்டின் வாயில் நசுங்கி அடைத்துக்கொள்ளும். கடையில் வாங்கிய எல்இடியில் அந்த வளையம் சில நேரம் ஒல்லியாக இருக்கும், சில நேரம் தளர்ந்திருக்கும். பின்னால் விசிறியும் தகடும் சேர்ந்து கனக்கும், ரோட்டு அதிர்வில் அந்தக் கனம் பல்பை மெல்லக் கீழே சாய்க்கும். மேல் விளிம்பில் மயிரிழை இடைவெளி விழுந்தால் போதும். முன் டயர் வாரி அடிக்கும் தண்ணீர் பெரும்பாலான கார்களில் ஃபாக் லைட்டின் முதுகுக்குத்தான் வரும். பழைய ஹாலஜன் பல்பைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால், வலது பக்கத்தில் அதையே திரும்பப் போட்டு ஒரு வாரம் மழையில் ஓட்டிப் பாருங்கள். பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது, பட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். தண்ணீர் நின்றுவிட்டால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்தாயிற்று. செலவு ஒன்றும் இல்லை.

நிற்கவில்லை என்றால் அடுத்த இடம் பிரீதர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டறைகளில் இதைத்தான் பார்க்காமல் விடுகிறார்கள். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, முன் டயரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மட்கார்டின் கிளிப்களைக் கழற்றி ஒதுக்கினால், பல கார்களில் விளக்கின் பின்பக்கத்துக்குக் கை போகும். சுண்டுவிரல் அளவு ரப்பர் முழங்கை ஒன்று தட்டுப்படும். அதை உருவி உள்ளே பாருங்கள். என்னிடம் வந்த ஒரு வண்டியில் அந்தக் குழாய் முழுக்கக் குளவி கட்டிய மண் இறுகிக் கிடந்தது. ஊசியால் குத்தியதும் செங்கல் தூளாக உதிர்ந்தது, நடுவில் காய்ந்த புழுக்கூடு. வெளியிலிருந்து பார்த்தால் குழாய் புத்தம் புதிதாக இருந்தது. அந்த விளக்கில் கண்ணாடியும் விளிம்பும் பார்வைக்கு நன்றாகவே இருந்தன, ஆனாலும் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது.

மூச்சுவிடும் வழி அடைபட்டால் தண்ணீர் ஏன் உள்ளே வர வேண்டும்? சூடாக எரிந்துகொண்டிருந்த விளக்கு மழையிலோ தேங்கிய நீரிலோ சட்டென்று ஆறும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது. பிரீதர் திறந்திருந்தால் காற்று வந்து சமன் செய்துவிடும். அடைபட்டிருந்தால் ஸ்ட்ராவில் மைலோ ஐஸை இழுப்பது போல, விளிம்பில் எங்கே நூலளவு பலவீனம் இருக்கிறதோ அங்கே விளக்கு தண்ணீரை உறிஞ்சும். 80 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு இறங்கினால் அந்த உறிஞ்சும் வலு, தண்ணீரை ஒரு மீட்டருக்கு மேல் தூக்கக்கூடியது. சாதாரண மழைத் துளியால் தாண்ட முடியாத இடைவெளியை இது தாண்டிவிடும். கோலாலம்பூரில் திடீர் வெள்ளத்தில் முழங்கால் தண்ணீருக்குள் இறங்கி வந்த கார்களில் ஃபாக் லைட்டுக்குள் மட்டும் சேற்றுத் தண்ணீர் நிற்பதன் காரணமும் இதுதான். வண்டியில் தாழ்வாக இருப்பது அது, அப்போது எரிந்து சூடாகவும் இருக்கும். கார் வாஷிலும் இதே கதை. அரை மணி நேரம் விளக்கெரிய ஓட்டி வந்து நேரே நிறுத்தினால், பம்பர் மேல் அழுத்தக் குழாயைக் கிட்டத்தில் பிடித்து அடிப்பார்கள். கொஞ்சம் ஆறவிட்டு, பம்பருக்குத் தள்ளி நின்று அடிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் முதல் ஃபோர்மன் சொன்ன சிலிக்கான் இங்கேதான் வினையாகிறது. சுற்றிலும் பூசும்போது பல பேர் பிரீதரையும் சேர்த்து அடைத்துவிடுவார்கள். ஒரு மாதம் நன்றாக இருக்கும். பிறகு முன்னைவிட அதிகமாகத் தண்ணீர் சேரும், வெளியேறவும் வழி இருக்காது. இரண்டாவது சங்கதி, கடையில் மலிவாகக் கிடைக்கும் சிலிக்கானில் பல வகை உலரும்போது அசெட்டிக் அமிலத்தை வெளிவிடும், வினிகர் வாடை அடிப்பது அதனால்தான். அந்த ஆவி விளக்குக்குள் போனால் ரிஃப்ளெக்டரின், அதாவது வெளிச்சத்தை முன்னால் திருப்பும் உள்கிண்ணத்தின், மெல்லிய அலுமினியப் பூச்சை அரிக்கும், வயர் முனைகளையும் விடாது. பூச வேண்டிய நிலை வந்தே தீர்ந்தால், நியூட்ரல் கியூர் என்று அச்சிட்ட வகையை மட்டும் கேட்டு வாங்குங்கள். மூன்றாவது, அழுக்கும் பழைய மெழுகும் இருக்கும் இடத்தில் சிலிக்கான் ஒட்டவே ஒட்டாது. கூடு பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் என்றால் சுத்தம் செய்தாலும் பிடிப்பு குறைவுதான், விரலால் நெம்பினால் பட்டையாக உரிந்து வரும். அந்த மாதிரிக் கூட்டுக்கு பியூட்டைல் டேப் (ரப்பர் போல ஒட்டும் மெத்தென்ற பட்டை) மேல்.

துளை போடும் யோசனையில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. சில விளக்குகளில் தொழிற்சாலையே அடியில் வடிகால் வைத்திருக்கும். ஆனால் அது உள்ளே வளைந்து வளைந்து போகும் பாதை, கீழிருந்து தெறிக்கும் நீர் நேராக ஏற முடியாது. ட்ரில்லால் போட்ட துளை நேரானது. ரோட்டுத் தூசி, டீசல் புகை, பாலத்தில் உப்புக் காற்று எல்லாம் அதன் வழியே ரிஃப்ளெக்டரில் போய் அமரும். வெளிச்சம் மெல்ல மங்கும், பிறகு துடைக்கவும் முடியாது. எப்படியும் மாற்றப் போகிற விளக்கு, புதியது வரும் வரை சமாளிக்க வேண்டும் என்றால் போட்டுக்கொள்ளுங்கள். வேறு எதற்கும் நான் போட மாட்டேன்.

பல்பின் வாயும் பிரீதரும் சரியாக இருந்தும் தண்ணீர் வருகிறது என்றால் மிச்சம் இருப்பவை இரண்டு: கண்ணாடியில் விரிசல், அல்லது கண்ணாடியும் கூடும் சேரும் விளிம்பு. விரிசலை, நன்றாகத் துடைத்துவிட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடித்துத் தேட வேண்டும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் ஓடும் கார்களில் கல் தெறித்த சின்ன நட்சத்திரம் ஒன்று அகப்படும். விளிம்பைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம், அதற்கு பேசின் சோதனை. விளக்கைக் கழற்றி, பல்பை அதன் இடத்தில் பூட்டி, பிரீதர் இரண்டு இருந்தால் ஒன்றை டேப்பால் அடைத்து, மற்றதில் மீன்தொட்டிக்குப் பயன்படும் மெல்லிய குழாயை மாட்டுங்கள். விளக்கு ஆறியிருக்க வேண்டும். பேசின் தண்ணீரில் அமுக்கி, குழாயில் வாயால் மெதுவாக ஊதுங்கள். குமிழி வரும் இடம்தான் கசியும் இடம். மார்க்கரால் உடனே குறித்துக்கொள்ளுங்கள். பட்டறை கம்ப்ரசர் காற்றை மட்டும் விடாதீர்கள், நல்லாயிருந்த விளிம்பும் பிளந்துவிடும். படலம் ஒட்டிய பிரீதர் மட்டும் இருக்கும் விளக்கில் குழாய் மாட்ட இடம் இருக்காது. அங்கே படலத்தை டேப்பால் மூடி, பல்பு வாய் வழியாகத்தான் ஊத வேண்டும். அந்த வாயை மட்டும் சோதிக்க முடியாமல் போகும், அதைத் தனியாகக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

கசியும் இடம் தெரிந்தபின் அங்கே மட்டும் வேலை செய்தால் போதும். அதற்கு முன் விளக்கு முழுக்கக் காய வேண்டும். தண்ணீரைப் பல்பு வாய் வழியாகக் கவிழ்த்து வடித்து, வாய் கீழே பார்க்க வெயிலில் ஒரு நாள் வையுங்கள். ஹேர் டிரையர் என்றால் குறைந்த சூட்டில், தள்ளிப் பிடித்துக் காட்டுங்கள். உள்ளே துணி விட்டுத் துடைக்கவே கூடாது, அலுமினியப் பூச்சு கையோடு வந்துவிடும். காய்ந்ததும் குறித்த இடத்தை ஆல்கஹாலால் துடைத்து, நியூட்ரல் சிலிக்கானை விரலால் அழுத்தி இடுக்கில் இறக்கி, 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். ஹெட்லைட்டுகளை ஓவன் அடுப்பில் சூடாக்கிப் பிரித்து ஒட்டுவதை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். அது பியூட்டைல் பசை போட்ட விளக்குக்குத்தான் ஆகும். ஃபாக் லைட்டுகள் பல, கடினப் பசையால் ஒட்டியோ பிளாஸ்டிக்கையே உருக்கி இணைத்தோ செய்தவை. அவற்றைப் பிரிக்கப் போனால் உடையும்.

ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உள்ளே போட்டு வைப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். காயவைக்கும்போது ஒரு நாள் வைக்கலாம், நல்லது செய்யும். நிரந்தரமாக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பிரீதர் வழியாகத் தினமும் புது ஈரம் வந்துகொண்டே இருக்கும் இடத்தில் அது சீக்கிரம் நிரம்பிவிடும். பல்பில் சாய்ந்தால் கருகும்.

எப்போது பழுதுபார்ப்பதை விட்டுவிட்டுப் புதிதாக வாங்க வேண்டும்? ரிஃப்ளெக்டர் கருத்தோ உரிந்தோ இருந்தால், கண்ணாடியில் குறுக்கே விரிசல் ஓடியிருந்தால், வேறு யோசனை வேண்டாம். மலிவான மாற்று விளக்கு வாங்குகிறீர்கள் என்றால் கடையிலேயே திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பிரீதர் குழாயோ படலமோ இல்லாமல் வெறும் துளை மட்டும் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அதைவிட நல்ல நிலையில் இருக்கும் ஹாஃப் கட் (பாதியாக வெட்டி இறக்குமதியான பழைய காரிலிருந்து கழற்றிய) ஒரிஜினலே மேல், ஓ-ரிங்கையும் ரப்பர் குழாயையும் புதிதாக மாற்றிக்கொண்டால். கார் இன்னும் வாரண்டியில் இருந்தால் நீங்களாக எதையும் கழற்ற வேண்டாம். சர்வீஸ் சென்டருக்குப் போய்ச் சேரும்போது பெரும்பாலும் பனி காய்ந்திருக்கும், ஒன்றும் இல்லையே என்பார்கள். தண்ணீர் ஆடும்போதே வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு போங்கள்.

ஒரு விஷயம் மட்டும் தள்ளிப்போட வேண்டாம். வலது விளக்கின் பிளக்கை இன்றைக்கே உருவிப் பாருங்கள். முனைகளில் பச்சை படிந்திருந்தால் தண்ணீர் அங்கேயும் போய்விட்டது. அந்தப் பச்சையைச் சுரண்டி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, காய்ந்தபின் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்) தடவிப் பூட்டுங்கள். விட்டுவைத்தால் இணைப்பு சூடாகி பிளாஸ்டிக் உருகும், அல்லது ஃபியூஸ் போகும். சில கார்களில் இரண்டு ஃபாக் லைட்டுக்கும் ஒரே ஃபியூஸ்தான். கெந்திங் மலை ஏறும்போது மூடுபனியில் இரண்டும் சேர்ந்து அணைந்துவிடும்.

நீங்கள் போட்ட படத்தில் விளக்கின் முன்பக்கம் மட்டும்தான் தெரிகிறது. மட்கார்டைக் கழற்றியதும் பின்பக்கத்தை, பல்பு பூட்டிய நிலையில் ஒன்று, பல்பை உருவிய பின் ஓ-ரிங் தெரிய ஒன்று என இரண்டு படம் எடுத்துப் போடுங்கள். பிரீதர் எந்த வகை, எந்தப் பக்கம் ஊத வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.